மிஸ்டர் கெரின் பூட்டனுக்கு நான் வைத்த பெயர்

1

கோணேசர் கிருபையால் நானும் மனைவி தவமணியும் மகள் சுகந்தியும் மொன்றியலில் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். மனதுக்குத்தான் சுகமில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் வருகிற சாமான், போகிற சாமான் பதிகிற வேலை பார்த்தேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த பிழை வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடைய இரண்டாம் ஆண்டுத் திவசம். திதி புதன்கிழமை வந்தது. ஆனால் இங்கே திவசம் செய்துவைக்கிற ஐயாவுக்குக் கிழமை நாட்களில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. மொன்றியலில் பிதிர்களும் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். ஐயாவின் வீடு ரொக்ஸ்பரோவில். ரயிலில் போய் இறங்கி, சேற்றிலும் பனியிலும் நடந்து போனோம். ஐயா வேட்டிக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மதராசிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டுவந்த தர்ப்பையை எண்ணி எண்ணி எடுத்தார். எள் லெபனான்காரன் கடையில் வாங்கியது.

பவித்திரத்தைப் போட்டுவிட்டு ஐயா கேட்டார்: “தகப்பன் பேர்?”

“கந்தையா.”

“பாட்டன்?”

“வேலுப்பிள்ளை.”

“பூட்டன்?”

போன வருசமும் இதே இடத்தில், இதே கேள்வி. அப்போது நான் சொன்ன பதிலையும், அதற்குப் பிறகு ஒரு வருசமாக நடந்ததையும் சொன்னால்தான் இந்த வருசம் நான் சொன்ன பதில் உங்களுக்கு விளங்கும்.

2

அப்பா இறந்த செய்தி எனக்குக் கடிதத்தில்தான் வந்தது. அக்கா எழுதிப் போட்டு, அது கொழும்பில் கிடந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. ஒரே மகன் நான். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தார். அன்றைக்கு நான் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு இருந்திருப்பேன். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், சிரித்தேனா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

ஆகையால் முதலாம் ஆண்டுத் திவசத்தை என்றாலும் குறையில்லாமல் செய்யவேண்டும் என்று நின்றேன். தெரிந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டேன். மட்டக்களப்புத் தங்கராசா அண்ணை வந்தார். படித்த குடும்பங்கள் இரண்டு வந்தன. அவர்களுக்கு முன்னால்தான் ஐயா பூட்டன் பெயரைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது.

அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கடற்கரையில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பெயரையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தண்ணீர் விடுவார். அந்த நேரம் நான் கடலில் குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பூட்டனைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நிலாவெளி உப்பளத்தில் உப்பு வாரிய கூலி. ‘பிள்ளை’ என்று வால் ஒன்றும் இல்லாத ஒற்றைச் சொல் பெயர் என்று ஒரு ஞாபகம்.

ஐயா என் முகத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டிய பெயர். என் வாய் சொன்னது: “சிதம்பரப்பிள்ளை.”

யாரும் சந்தேகப்படவில்லை. தங்கராசா அண்ணை சாப்பிடும்போது, “சிதம்பரப்பிள்ளை... நல்ல பெரிய இடத்துப் பேர் காணும்” என்றார். நான் வடையைப் பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதைவிட மோசம், அன்று பின்னேரம் சுகந்தி தன்னுடைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து, குடும்பப் பாடத்துக்கு அந்தப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

3

நாங்கள் இருப்பது பழைய மூன்றுமாடிக் கட்டடம். இந்த ஊரில் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கோடையில் அது அழகு. பனிக்காலத்தில் கால் முறிகிற இடம். நாங்கள் கீழே. மேலே மிஸ்டர் கெர் என்ற தனிக் கிழவர். பெயர் ஜேம்ஸ் கெர். அவருடைய பாட்டன், தகப்பன், அவர் என்று மூன்று தலைமுறையும் பக்கத்திலிருந்த ரயில் பட்டறையில் கொதிகலன் அடித்தவர்கள். பாட்டன் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்.

வந்த முதல் பனிக்காலம் நான் அவருடைய படியில் கிடந்த பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். அவர் கதவைத் திறந்து, “உனக்கு எவ்வளவு காலம் இங்கே?” என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். “எங்களுக்குத் தொண்ணூறு வருசம். இன்னும் பிரெஞ்சு வரவில்லை. பயப்படாதே” என்று சிரித்தார். அவர் இங்கிலீசில் சொல்வதை நான் என் தமிழில் தருகிறேன்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. எனக்கோ களஞ்சியத்தில் பழைய வெள்ளைக்காரக் கையெழுத்து வாசித்து வாசித்துப் பழக்கம். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தடியால் நிலத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். கீழே எங்கள் கூரையில் கேட்கும். தவமணி சொல்லுவாள்: “இஞ்சேருங்கோ, உங்கட மேல் கந்தோரிலை இருந்து கூப்பிடுகினம், வேலைக்குப் போங்கோ.”

அவருடைய ஆசை, தன் பரம்பரையை ஒரு கடதாசியில் எழுதிவைப்பது. பிரபுக்கள் பரம்பரை இல்லை. சணல் ஆலைப் பெண்கள், நெசவுக்காரர், கொதிகலன்காரர். சுவருக்கு ஒட்டுகிற பூக்கடதாசிச் சுருள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி மேசையில் விரித்து, கறுப்பு மையால் உள்ளங்கை அளவு எழுத்தில் நான் எழுதினேன். அவர் முகத்தைக் கடதாசியில் ஒட்டுகிறமாதிரிக் குனிந்து வாசிப்பார்.

“எல்லாரும் ஜேம்ஸ், வில்லியம், ஜேம்ஸ், வில்லியம் என்றே இருக்கிறார்களே” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்கட ஆட்கள் பேரிலும் கஞ்சர். நாலு பேரை வைத்துக்கொண்டு நானூறு பேரை வளர்த்தவர்கள். மூத்த மகனுக்கு அப்பனுடைய அப்பன் பேர்தான். அது மாற்றேலாத முறை.”

“எங்களிலும் அப்படித்தான்” என்றேன். “பேரப்பிள்ளைக்குப் பாட்டன் பேர் வைக்கிறது.”

“என் மகன் அல்பேர்ட்டாவில் இருக்கிறான். வில்லியம். அவன் தன் பெடியனுக்கு என்ன பேர் வைத்தான் தெரியுமா? ஜேசன். எந்தக் கெர் ஜேசனாக இருந்தான்? டிவிதான் அவனுக்குப் பாட்டன்.”

அன்று என் அகதிக் கேஸ் பேப்பரை அவரிடம் காட்டினேன். விசாரணையில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்றேன். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாருக்கும் இருக்கும், யோசியுங்கள்” என்றார். கடைசியில் சிவலிங்கம் என்ற என் பெயரைக் குடும்பப் பெயராக்கி, அப்பாவின் பெயரை எனக்கு வைத்தார்கள். வைத்தியசாலையில் “கந்தையா” என்று கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன், அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று.

மிஸ்டர் கெர் சிரிக்கவில்லை. “அவர்கள் தெரியாமல் எழுதினார்கள். தெரிந்துகொண்டு எழுதினால்தான் பாவம்” என்றார். அந்த வார்த்தை பிறகு என்னைச் சும்மா விடவில்லை.

4

கார்த்திகை மாதம். முதல் பனி விழுந்த கிழமை. ஸ்கொட்லாந்தில் டண்டி என்ற ஊரில் பழைய பதிவுகளைத் தேடிக் கொடுக்கிற ஒரு அம்மாவிடமிருந்து உறை வந்தது. மிஸ்டர் கெரின் பாட்டன் ஜேம்ஸ் பிறந்த பதிவின் பிரதி. கிழவர் சவரம் எடுத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மேசையில் இருந்தார்.

“வாசி, சிவா.”

பிள்ளையின் பெயர் ஜேம்ஸ். தாய் அக்னஸ் கெர், சணல் ஆலைக் கூலி. சாக்கு நெய்கிற ஆலை. உப்பளத்தில் உப்புக் கட்டுகிற அதே சாக்கு. தகப்பன் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. வெறுங்கட்டம். பிள்ளையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நீளமான இங்கிலீஸ் சொல். அந்தச் சொல்லைப் பிறகு அகராதியில் பார்த்தேன். கலியாணமில்லாமல் பிறந்த பிள்ளை என்பது பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

“தகப்பன் பேர்?” என்று கேட்டார்.

நான் கடதாசியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

“எழுத்து மங்கலோ?”

“ஓம், கொஞ்சம் மங்கல்.”

“பார், நல்லாய்ப் பார்.”

ஐயாவின் வீட்டில் என் முகத்தைப் பார்த்த அத்தனை முகமும் அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. தகப்பன் பெயர் இல்லாத ஒருவருக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? எழுபத்தெட்டு வயதில் இந்த மனுசனுக்கு இது தேவையா? இப்படியெல்லாம் எனக்குள் நியாயம் ஓடியது. அவர் சொல்லித்தந்த முறையும் ஓடியது. ஜேம்ஸின் மூத்த மகன் வில்லியம். அப்படியென்றால் ஜேம்ஸின் தகப்பனும் வில்லியமாகத்தானே இருக்கவேண்டும்.

“வில்லியம்” என்றேன். “வில்லியம் கெர்.”

கிழவர் மேசையைத் தட்டினார். “எனக்குத் தெரியும்! முறை பிழைக்காது!” அவருடைய கண்ணில் தண்ணீர். “எழுது. பெரிசாய் எழுது.”

நான் எழுதினேன். எழுத்து கோணவில்லை. இரண்டாம் தடவை பொய் சொல்வது எவ்வளவு லேசு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. மிஸ்டர் கெர் அந்த வில்லியத்தின் கல்லறையைத் தேடித் தரச்சொல்லி என்னைக்கொண்டே அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதுவித்தார். கோடையில் தானே போகப்போகிறேன், அந்தக் கல்லில் கையை வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். இதய வருத்தக்காரர், டாக்டர் விமானம் வேண்டாம் என்று சொன்னதையும் கேட்கவில்லை. புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கட்டிலடியில் வைத்தார். அவர் தேவபக்தி உள்ளவர். ஞாயிறுகளில் தேத்தண்ணி குடிக்குமுன் தலையைக் குனிந்து தன் முன்னோர்களைப் பெயர் சொல்லி, அவர்களைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுவார். அந்த வரிசையில் வில்லியமும் சேர்ந்தான். நானும் கைகூப்பிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து சாமிப்படத்துக்கு விளக்கு வைக்க நின்றால் வாயில் தேவாரம் வராது. தவமணிக்குச் சொன்னேன். அவள் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “கண் தெரியாத மனிசனுக்குக் கண்ணாய்ப் போன நீங்கள் இப்பிடிச் செய்யலாமோ? போய்ச் சொல்லுங்கோ.”

“சொன்னால் செத்துப்போவார்.”

“சொல்லாட்டி அந்த மனிசன் இல்லாத கல்லைத் தேடிப் போய்ச் சாகும்.”

போகிறேன், போகிறேன் என்று தை மாதமும் போனது.

5

மாசியில் டண்டியிலிருந்து பதில் வந்தது. மூன்று தட்டு. நான் மேலே போனேன். புதுப் பெட்டி கட்டிலடியிலிருந்து வெளியே வந்து சுவரோடு நின்றது.

கடிதத்தைப் பிரித்தேன். முதல் நாலு வரி சுகசெய்தி. அதை வாசித்தேன். அடுத்ததில் நின்றுவிட்டேன். அவர் கண் தெரியாதவர். நான் என்ன வாசிக்கிறேனோ அதுதான் கடிதம். கல்லறை கிடைக்கவில்லை என்று ஒரு வரியோடு முடித்திருக்கலாம். பயணமும் நின்றிருக்கும், என் மானமும் நின்றிருக்கும். பிள்ளையார் அறிய அந்த எண்ணம் எனக்கு வந்தது.

“என்ன, மங்கலோ?” என்றார் கிழவர்.

அந்தச் சொல்தான் என்னை முறித்தது.

“மங்கலில்லை, மிஸ்டர் கெர். போன முறையும் மங்கலில்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. வில்லியம் நான் வைத்த பேர்.”

அவர் கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்தார். வெளியே பனி அள்ளுகிற லொறி போனது.

“எத்தனை மாதம்?”

“நவம்பரிலிருந்து.”

“அந்தப் பேரைச் சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். நீ பக்கத்தில் இருந்தாய்.”

“ஓம்.”

“உனக்கு வெட்கமாக இருந்ததோ?”

“உங்களுக்கு வெட்கமாக இருக்குமென்று நினைத்தேன்.”

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. “என் பாட்டனைப் பெற்றவளை என்னிடமிருந்து மறைக்க நீ யார்? பன்னிரண்டு மணித்தியாலம் ஆலையில் நின்று ஒருத்தி பிள்ளை வளர்த்திருக்கிறாள். அவளை ஒரு கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இல்லாத ஒருவனைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தியிருக்கிறாய். கடிதத்தை வைத்துவிட்டுப் போ.”

நான் போனேன். பதினொரு நாள் கூரையில் சத்தமில்லை. படியில் பனி தள்ளுவதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் கதவடியில் போய் நின்றேன், தட்டவில்லை. தவமணி ஒருநாள் புட்டும் கொஞ்சம் சீனியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாராம், என்னைக் கேட்கவில்லையாம்.

பன்னிரண்டாம் நாள் மூன்று தட்டு.

மேசையில் கடிதம் அப்படியே கிடந்தது. “வேறு யாரையும் நான் வாசிக்க விடவில்லை” என்றார். “நீதான் வாசிக்கவேணும். உள்ளதை வாசி.”

வாசித்தேன். அந்த அம்மா எழுதியிருந்தார்: ஜேம்ஸின் தகப்பன் வில்லியம் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, நான் அனுப்பிய பதிவில் தகப்பன் இல்லை. ஆனால் பழைய குடிசனக் கணக்கில் ஒரு வீட்டைக் கண்டேன். இரண்டு அறை. வீட்டுத் தலைவர் வில்லியம் கெர், நெசவாளர், வயது அறுபத்தொன்று. மகள் அக்னஸ், சணல் ஆலை. பேரன் ஜேம்ஸ், வயது ஐந்து. அந்த வில்லியத்தைப் பொது நிலத்தில் அடக்கியிருக்கிறார்கள். கல் இல்லை.

மிஸ்டர் கெர் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். இன்னொருமுறையும்.

“அப்போ என் அப்பாவுக்கு அந்தப் பேர் வந்தது விட்டுப்போனவனிடமிருந்து இல்லை” என்றார் மெல்ல. “வீட்டுக்குள் வைத்துக்கொண்டவனிடமிருந்து. நீ அவனையும் அல்லவா என்னிடமிருந்து எடுத்துவிடப் பார்த்தாய்.”

எனக்குத் தலை நிமிரவில்லை.

“அழாதே. மையை எடு.”

வில்லியத்தின் பெயரை வெள்ளை மையால் மூடி, ஒரு வரி மேலே, அக்னஸுக்குத் தகப்பனாக எழுதினேன். அக்னஸின் பெயரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஜேம்ஸின் தகப்பன் இடம் திரும்பவும் வெறுமையாக வந்தது.

“அதிலே ‘தெரியாது’ என்று எழுது” என்றார். “பெரிசாய். என் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி.”

எழுதி முடிந்ததும் அவர் சுருளின் மிச்சத்தைக் கையால் தடவிப் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி என்னிடம் நீட்டினார். “இது உன் ஆட்களுக்கு” என்றார். என் சிதம்பரப்பிள்ளையைப் பற்றி நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று அதையும் சொன்னேன். “ஆளுக்கு ஒரு பூட்டனைச் செய்து வைத்திருக்கிறாய்” என்றார். கோபத்தில் பாதி, சிரிப்பில் பாதி.

அவர் இந்தக் கோடைக்குப் போகப்போவதில்லை. பெட்டி கட்டிலடிக்குப் போய்விட்டது. என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிவில்லை. வாசிக்கக் கூப்பிடுகிறார். ஆனால் இப்போதெல்லாம் நான் வாசித்து முடித்ததும், “அவ்வளவும் அதிலே இருக்கிறதா?” என்று ஒருமுறை கேட்பார். அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான்.

6

அப்படித்தான் போன ஞாயிறு ஐயா, “பூட்டன்?” என்று கேட்டபோது நான் சொன்னேன்:

“தெரியாது ஐயா.”

ஐயா நிமிர்ந்தார். “போன வருசம் சிதம்பரப்பிள்ளை என்றல்லோ சொன்னீர்?”

“பொய் சொன்னேன். வெட்கத்தில் சொன்னேன். அவர் உப்பளத்தில் கூலிவேலை செய்தவர். பேரை நான் மறந்துபோனேன்.”

போன முறை வந்த ஆட்களே இந்த முறையும் வந்திருந்தார்கள். தங்கராசா அண்ணை மட்டும், “அட, கடவுளுக்குப் பேர் தெரியும்தானே, விடும்” என்றார். ஐயா யோசித்தார். “பேர் தெரியாதவருக்கும் வழி இருக்கு. பூட்டனார் என்றே சொல்லிவிடும். ஒரு வருசம் வேறொருத்தன் பேரைச் சொல்லிக் கொடுத்தீர். அதுக்கு மனதுக்குள்ளே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும்” என்றார். கேட்டேன்.

பிண்டத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். கரையில் இன்னும் பனிக்கட்டி. நடுவில் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. கடைசியாக ஒரு கைத் தண்ணீர் உண்டு, தாய் தகப்பன் சொந்தம் பந்தம் என்று யாரும் இல்லாதவர்களுக்கு. அதை விடும்போது, கல்லில்லாமல் கிடக்கிற அந்த நெசவுக்காரரையும் அக்னஸையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் வேறு மதம். கோணேசர் கோபிக்கமாட்டார்.

சுகந்தி பக்கத்தில் நின்றாள். “அப்பா, அப்போ என்ர கொப்பியிலை இருக்கிற பேர்?”

“அது பிழை, பிள்ளை.”

“புர்குவா?” என்றாள். ஏன் என்று தமிழில் கேட்க அவளுக்கு இப்போது வாய் வருகுதில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

“அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது.”

 “பள்ளிக்கூடத்து மதாமிடம் சொல்லி நான் அழிக்கிறன்” என்றாள். அன்று பின்னேரம் மிஸ்டர் கெர் தந்த கடதாசித் துண்டில் அவளே எழுதினாள். கந்தையா. அதற்கு மேலே வேலுப்பிள்ளை. அதற்கு மேலே ஒரு கட்டம் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறாள்.

அக்காவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். தபால் போய்ச் சேருமோ தெரியாது. ஆகையால் இதை வாசிக்கிற நிலாவெளிப் பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்கிறேன். உப்பளத்தில் உப்பு வாரியவர், வேலுப்பிள்ளையைப் பெற்றவர், அவருக்கு என்ன பெயர்? யாருக்காவது ஞாபகம் இருந்தால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒற்றைச் சொல் பெயர் என்றாலும் சரி, வாயால் சொல்லக் கூச்சமான பெயர் என்றாலும் சரி.

தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு பெயரை வைத்துவிடாதீர்கள்.